‘உயிம்பூபே’ எப்படி ‘விமோவே’ ஆனது? ஒரு சிங்கப் பாட்டும் அதன் உரிமை வழக்கும்

டிஸ்னி நிறுவனம் 1994இல் வெளியிட்ட ‘தி லயன் கிங்’ படத்தில் ஒரு கீரியும் ஒரு காட்டுப்பன்றியும் நடந்தபடியே ‘தி லயன் ஸ்லீப்ஸ் டுநைட்’ என்ற பாட்டின் சில வரிகளைப் பாடும். 2019இல் அந்தப் படம் புதிய வடிவில் வந்தபோது பாட்டும் கூடவே வந்தது. பாட்டு எப்போது செய்தியில் அடிபட்டாலும் ஒன்றோடொன்று முரண்படும் தகவல்களும் சேர்ந்தே வருகின்றன. அது ஆப்பிரிக்க நாட்டார் பாடல் என்று ஒரு செய்தி சொல்லும். அமெரிக்கப் பாப் குழு ஒன்றின் வெற்றிப் பாடல் என்று இன்னொன்று சொல்லும். ஜூலு தொழிலாளி ஒருவரின் படைப்பு, அவர் அதை 10 ஷில்லிங்குக்கு விற்றுவிட்டார், பின்னாளில் அவருடைய மகள்களுக்காக டிஸ்னி மீது உரிமை வழக்கு நடந்தது என்று மூன்றாவது சொல்லும்.

இவற்றைப் படிப்பவருக்கு நியாயமான ஒரு குழப்பம் எழும். நாட்டார் பாடலுக்கு உரிமையாளர் கிடையாது, அப்படியானால் வழக்கு எதற்கு? அவர் விற்றுவிட்டார் என்பது உண்மையானால், விற்ற பொருளுக்கு அவருடைய மகள்கள் எப்படி உரிமை கோர முடிந்தது? இந்தக் கட்டுரை எடுத்துக்கொள்வது இந்த இரண்டு கேள்விகளையும்தான்.

ஒரே பாட்டு, மூன்று பெயர்கள்

முதலில் பெயர்களைப் பிரித்துக்கொள்ள வேண்டும். குழப்பத்தில் பாதி அங்கிருந்துதான் தொடங்குகிறது.

1. ‘ம்பூபே’: 1939இல் ஜோகன்னஸ்பர்க் நகரில் சாலமன் லிண்டாவும் அவருடைய ‘ஈவ்னிங் பேர்ட்ஸ்’ குழுவும் ஜூலு மொழியில் பாடிப் பதிவு செய்தது.

2. ‘விமோவே’: அமெரிக்காவின் ‘தி வீவர்ஸ்’ குழு 1951இல் பதிவு செய்தது. பெரும்பாலும் ஒரே சொல் திரும்பத் திரும்ப வரும்.

3. ‘தி லயன் ஸ்லீப்ஸ் டுநைட்’: ‘தி டோக்கன்ஸ்’ குழு 1961இல் ஆங்கில வரிகளோடு பாடியது. உலகம் இன்று முணுமுணுப்பது இதைத்தான்.

மூன்றும் தனித்தனிப் பாட்டுகள் போலத் தோன்றலாம். இரண்டாவது முதலாவதன் மேல் எழுந்தது. மூன்றாவது இரண்டாவதன் மேல் எழுந்தது. காகிதத்தில் மட்டும் ஒவ்வொரு மாடிக்கும் வேறு வேறு ஆட்களின் பெயர் எழுதப்பட்டது.

1939: மூன்றாவது முயற்சியின் கடைசி நொடிகள்

சாலமன் லிண்டா 1909இல் தென்னாப்பிரிக்காவின் நேட்டால் பகுதியின் பொமரோய் ஊருக்கு அருகே பிறந்தவர். மாடு மேய்த்து வளர்ந்தவர். 1931இல், அந்தத் தலைமுறையின் ஆயிரக்கணக்கான ஜூலு இளைஞர்களைப் போலவே, வேலை தேடி ஜோகன்னஸ்பர்க் போனார். பகலில் கூலி வேலை, வார இறுதியில் பாட்டு. தங்கும் விடுதிகளிலும் கூடங்களிலும் ஆண்கள் குழுக்களாகச் சேர்ந்து விடிய விடியப் போட்டி போட்டுப் பாடிய காலம் அது. லிண்டாவின் குழுவினர் கோடு போட்ட சூட் அணிந்து நிற்பார்கள். குழுவின் மேல்குரல் லிண்டாவுடையது. மந்தரத்தில் ஒருவர் பாடினால் போதும் என்றிருந்த இடத்தில் அவர் ஒன்றுக்கு மேற்பட்டவர்களை நிறுத்தினார். அடியில் கனமான ஒரு தளம், அதற்கு மேல் அவருடைய ஒற்றைக் குரல் ஏறி விளையாடும்.

எரிக் காலோ நடத்திய ஒலிப்பதிவு நிறுவனத்துக்காகத் திறமையாளர்களைத் தேடியவர் கிரிஃபித்ஸ் மொட்சியெலோவா. அவர்தான் இந்தக் குழுவைப் பதிவுக் கூடத்துக்கு அழைத்து வந்தார். ‘ம்பூபே’ பாட்டை மூன்று முறை பாடிப் பார்த்தார்கள். மூன்றாவது முயற்சி முடியப்போகும் நொடிகளில் லிண்டா முன்கூட்டித் திட்டமிடாத ஒரு மெட்டை மேல்குரலில் இழுத்துவிட்டார். அது மொத்தம் சில நொடிகள். 22 ஆண்டுகள் கழித்து அமெரிக்காவில் ஆங்கில வரிகள் உட்கார்ந்தது அந்தச் சில நொடிகளின் மேல்தான். இந்தப் பாட்டைக் கேட்கும் எவரும் முதலில் 1939ஆம் ஆண்டுப் பதிவைக் கடைசிவரை கேட்க வேண்டும் என்பது என் கருத்து. பரம்பரையாக எல்லோரும் பாடிய மெட்டு ஒன்று அப்படி ஒருவர் வாயிலிருந்து அந்த நேரத்தில் புதிதாகப் பிறக்காது.

பாட்டின் பெயரையும் கொஞ்சம் அருகில் வைத்துப் பார்க்கலாம். ஜூலு மொழியில் ‘இம்பூபே’ என்றால் சிங்கம். யாரையாவது விளித்து அழைக்கும்போது சொல்லின் முதல் உயிரெழுத்து விழுந்துவிடும். ஆகவே ‘ம்பூபே’ என்பது ‘சிங்கமே!’ என்ற விளி. குழு தொடர்ந்து பாடும் ‘உயிம்பூபே’ என்பதற்கு ‘நீ ஒரு சிங்கம்’ என்று பொருள். மாட்டு மந்தையைக் குறிவைத்து வரும் சிங்கத்தைச் சிறுவர்கள் விரட்டிய நினைவிலிருந்து வந்த பாட்டு இது. இதில் உறக்கம் எங்கும் இல்லை. எல்லோரும் விழித்திருக்கும் நேரத்தின் பாட்டு.

லிண்டா பாட்டின் உரிமையைக் காலோ நிறுவனத்துக்குக் கொடுத்தார். கிடைத்தது 10 ஷில்லிங். 1940களின் முடிவுக்குள் ஆப்பிரிக்காவில் சுமார் 1,00,000 இசைத்தட்டுகள் விற்றன. லிண்டாவுக்கு அதே நிறுவனத்தின் இசைத்தட்டு ஆலையில், பொட்டலம் கட்டும் பிரிவில் வேலை இருந்தது.

வழக்கைப் புரிந்துகொள்ளத் தேவையான சொற்கள்

பதிப்புரிமை: ஒரு படைப்பை நகலெடுக்க, விற்க, மாற்றி அமைக்க, பொதுவில் நிகழ்த்த அனுமதி தரும் உரிமை. பாட்டைப் பொறுத்தவரை இது இரண்டாகப் பிரியும். மெட்டும் வரிகளும் சேர்ந்த ‘இசைப் படைப்பு’ ஒன்று. ஒரு குறிப்பிட்ட நாளில் ஒருவர் பாடிய ‘ஒலிப்பதிவு’ இன்னொன்று. வேறொருவர் அதே பாட்டைப் புதிதாகப் பாடினால் பழைய ஒலிப்பதிவின் உரிமையாளருக்கு ஒன்றும் சேராது. மெட்டை உருவாக்கியவருக்குச் சேர வேண்டும். இந்தச் சண்டை முழுக்க மெட்டைப் பற்றியது.

ராயல்டி: ஒவ்வொரு விற்பனைக்கும் ஒவ்வொரு பயன்பாட்டுக்கும் படைப்பாளிக்குச் சேரும் பங்கு.

நாட்டார் பாடல்: இன்னார் எழுதியது என்று சொல்ல முடியாதபடி மக்களிடையே வழிவழியாக வந்தது. இதற்கு உரிமையாளர் இல்லை. ஆனால் ஒருவர் அதை எடுத்துப் புதிதாக அமைத்தால், அந்தப் புதிய அமைப்புக்கு அவர் உரிமை கோரலாம். இந்த ஒரு வாசல்தான் பின்னால் நடந்த அத்தனைக்கும் வழிவிட்டது.

பாட்டு கைமாறிய வழி

1. ஆப்பிரிக்க இசைத்தட்டுகள் சில அமெரிக்காவில் நாட்டார் இசை ஆய்வாளர் ஆலன் லோமாக்ஸின் கைக்கு வந்தன. அவர் அவற்றைப் பாடகர் பீட் சீகரிடம் கொடுத்தார். சீகர் ‘தி வீவர்ஸ்’ குழுவில் இருந்தவர்.

2. சீகர் தட்டைக் கேட்டுக் காதால் எழுதிக்கொண்டார். ‘உயி’ என்பது ‘வி’ ஆனது. ‘ம்பூ’ என்பது ‘மோ’ ஆனது. ‘பே’ என்பது ‘வே’ ஆனது. ‘நீ ஒரு சிங்கம்’ என்ற வாக்கியம், எந்த மொழியிலும் பொருளில்லாத ‘விமோவே’ என்ற ஒலியாக மாறியது.

3. ‘விமோவே’ 1951இல் பதிவாகி விற்பனைப் பட்டியலில் ஏறியது. அதில் எழுதியவர் என்று ‘பால் கேம்பெல்’ என்ற பெயர் இருந்தது. அப்படி ஒரு மனிதர் இல்லை. ஹோவி ரிச்மண்டின் இசைப் பதிப்பு நிறுவனம், வீவர்ஸ் குழு நாட்டார் பாடல்களை எடுத்து அமைக்கும்போது வைத்துக்கொண்ட கற்பனைப் பெயர் அது. நாட்டார் பாடலை ‘அமைத்தவர்’ என்ற பங்கு இந்தப் பெயர் வழியாக வந்து சேரும்.

4. கம்யூனிஸ்ட் எதிர்ப்பு அலையில் வீவர்ஸ் குழு தடைப்பட்டியலில் விழுந்து முடங்கியது. பாட்டு முடங்கவில்லை. 1959இல் ‘தி கிங்ஸ்டன் ட்ரையோ’ பாடியது. 1960இல் மிரியம் மக்கேபா அதை ஜூலுவிலேயே பாடினார்.

5. 1961இல் நியூயார்க்கின் புரூக்ளின் பகுதி இளைஞர்களான ‘தி டோக்கன்ஸ்’ குழுவுக்காகத் தயாரிப்பாளர்கள் ஹ்யூகோ பெரெட்டி, லூய்ஜி கிரியேட்டோர் இருவரும் பாடலாசிரியர் ஜார்ஜ் டேவிட் வைஸும் சேர்ந்து பாட்டை மாற்றி அமைத்தார்கள். லிண்டாவின் கடைசி நொடி மெட்டை எடுத்துப் பாட்டின் நடுநாயகமாக வைத்தார்கள். அதற்கு ஆங்கில வரிகள் எழுதினார்கள். ஓபரா பாடகி அனிதா டேரியனின் குரலை மேலே ஓடவிட்டார்கள். இசைத்தட்டின் பின்பக்கத்தில் ஒப்புக்குப் போடப்பட்ட அந்தப் பாட்டு அதே ஆண்டு டிசம்பரில் ‘பில்போர்ட்’ பட்டியலில் முதலிடம் பிடித்தது.

வைஸ் தேர்ந்த பாடலாசிரியர், அவர் வேலையைக் குறைத்துச் சொல்ல முடியாது. ஒரு வேட்டைக் கூவலை அவர் தாலாட்டாக மாற்றினார். காட்டில் சிங்கம் உறங்குகிறது, நீயும் அஞ்சாமல் உறங்கு என்ற எண்ணம் முழுக்க அவர்களுடையது. சிங்கம் வாழ்வது புல்வெளியில்தான், அடர்காட்டில் அல்ல என்பதைக்கூட உலகம் இந்தப் பாட்டுக்காக மறந்துவிட்டது. எழுதியவர்களின் பட்டியலில் அந்த மூவரும் இருந்தார்கள். லிண்டா இல்லை.

‘நாட்டார் பாடல்’ என்ற முத்திரை செய்த வேலை

இந்தக் கதையைச் சொல்பவர்கள் பெரும்பாலும் டிஸ்னியைத்தான் வில்லனாக நிறுத்துகிறார்கள். எனக்கு அது பொருத்தமாகப் படவில்லை. டிஸ்னி 1990களில்தான் உள்ளே வந்தது. பாட்டின் உரிமை தன்னிடம் இருப்பதாகச் சொன்ன நிறுவனத்திடம் முறைப்படி அனுமதியும் வாங்கியிருந்தது. தவறு நடந்தது அதற்கு 40 ஆண்டுகள் முன்பு, ஓர் இசைத்தட்டைப் பார்த்து ‘இது நாட்டார் பாடல்’ என்று முடிவு செய்த இடத்தில்.

அந்த இசைத்தட்டில் பாடியவர் பெயர் அச்சாகியிருந்தது. ஆப்பிரிக்கக் கிராமப் பாட்டு என்றால் அதற்கு ஆசிரியர் இருக்கமாட்டார் என்ற எண்ணம் அந்தப் பெயரைப் பார்க்கவிடாமல் மறைத்தது. ஜூலு மன்னர் ஷாக்காவைப் பற்றிய பழம்பாட்டு என்றுகூட அது விளக்கப்பட்டது. ஐரோப்பிய இசையமைப்பாளர் ஒருவரின் பெயர் அதே இடத்தில் இருந்திருந்தால் பதிப்பகம் முதலில் அவர் முகவரியைத் தேடியிருக்கும்.

சீகரின் நடத்தையை இங்கே குறிப்பிட வேண்டும். அது நாட்டார் பாடல் அல்ல, லிண்டா என்ற மனிதர் எழுதியது என்று தெரிந்ததும் அவர் லிண்டாவுக்கு 1,000 டாலர் அனுப்பினார். தன் பங்கு ராயல்டியை அவருக்கே அனுப்பச் சொல்லிப் பதிப்பகத்திடம் கேட்டுக்கொண்டார். நல்ல மனம்தான். அவர் செய்தது ஒரு தனிமனிதரின் கொடை, ஆவணத்தில் எழுதியவர் பெயர் மாறவில்லை. பின்னாளில் வந்த பெரும் பணம் முழுக்க ஆவணம் காட்டிய வழியில்தான் போனது.

லிண்டா 1962 அக்டோபரில் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார். அவர் வங்கிக் கணக்கில் 25 டாலருக்கும் குறைவான தொகையே இருந்தது. கல்லறைக்கு ஒரு கல் நாட்ட அவருடைய குடும்பத்துக்கு 18 ஆண்டுகள் ஆயின. அவர் இறந்தது, டோக்கன்ஸ் பாட்டு முதலிடம் பிடித்து ஓர் ஆண்டுகூட முடியாத நேரம்.

அதன் பிறகும் அமெரிக்கப் பதிப்பகம் குடும்பத்திடம் கையெழுத்து வாங்கியது. 1980களில் மனைவி ரெஜினாவிடம், 1990களின் தொடக்கத்தில் மகள்களிடம். இதற்குக் காரணம் உண்டு. அன்றைய அமெரிக்கச் சட்டத்தில் பதிப்புரிமை முதலில் 28 ஆண்டுகள் இருக்கும், பிறகு புதுப்பிக்க வேண்டும். படைப்பாளி அதற்குள் இறந்துவிட்டால் புதுப்பிக்கும் உரிமை மனைவிக்கும் பிள்ளைகளுக்கும் போகும். ஆகவே அவர்கள் கையெழுத்து இல்லாமல் பதிப்பகத்தால் தொடர முடியாது. கையெழுத்துக்கு விலை இருந்தது, அந்த விலை எவ்வளவு பெரியது என்பது கையெழுத்துப் போட்டவர்களுக்குத் தெரியவில்லை.

2000ஆம் ஆண்டில் தென்னாப்பிரிக்க எழுத்தாளர் ரியான் மாலன் ‘ரோலிங் ஸ்டோன்’ இதழில் இந்தக் கதையை விரிவாக எழுதினார். ‘தி லயன் கிங்’ வழியாக மட்டும் இந்தப் பாட்டு சுமார் 1.5 கோடி டாலர் ஈட்டியிருக்கும் என்று அவர் மதிப்பிட்டார். செய்தி உலகம் திரும்பிப் பார்த்தது அப்போதுதான்.

விற்ற உரிமை எப்படித் திரும்பும்? 1911ஆம் ஆண்டுச் சட்டம்

பலரைக் குழப்பும் பகுதி இது. லிண்டா எழுதிக் கொடுத்தார், மனைவி எழுதிக் கொடுத்தார், மகள்களும் எழுதிக் கொடுத்தார்கள். மூன்று கையெழுத்துக்குப் பிறகு, குடும்பத்தின் தரப்பில் வாதாடிய வழக்கறிஞர் ஓவன் டீன் எதைப் பிடித்துக்கொண்டார்?

தென்னாப்பிரிக்கா 1939இல் பிரிட்டிஷ் பேரரசின் பகுதி. அங்கே நடைமுறையில் இருந்தது 1911ஆம் ஆண்டின் பேரரசுப் பதிப்புரிமைச் சட்டம். அதில் ஒரு விதிவிலக்கு இருந்தது:

1. படைப்பாளி உயிரோடிருக்கும்போது தன் உரிமையை யாருக்கு எழுதிக் கொடுத்தாலும், அது அவர் இறந்து 25 ஆண்டுகள் வரைதான் செல்லும்.

2. அதன் பிறகு உரிமை தானாகவே அவருடைய சொத்தோடு சேர்ந்துவிடும். அதை நிர்வகிப்பவர் அவருடைய சட்டப்படியான பிரதிநிதி.

3. ‘வேண்டாம்’ என்று படைப்பாளியே எழுதிக் கொடுத்தாலும் இந்த விதியை மீற முடியாது.

இது எழுத்தாளர்களின் பிள்ளைகளுக்காக இயற்றப்பட்ட விதி. அவசரத்தில் தந்தை அடிமாட்டு விலைக்கு விற்ற படைப்பு பின்னால் புகழ்பெற்றால், குடும்பம் தெருவில் நிற்கக் கூடாது என்பது நோக்கம். இதைப் பலர் மறந்தே போயிருந்தார்கள்.

கணக்கு எளிது. லிண்டா இறந்தது 1962. 25 ஆண்டுகள் கூட்டினால் 1987. அந்த ஆண்டிலிருந்து, இந்தச் சட்டம் செல்லுபடியான நாடுகளில், ‘ம்பூபே’ மெட்டின் உரிமை லிண்டாவின் சொத்துக்குத் திரும்பிவிட்டது. உரிமை சேர்ந்தது சொத்தின் நிர்வாகியிடம், நேரடியாக மகள்களிடம் அல்ல. ஆகவே மகள்கள் பின்னால் போட்ட கையெழுத்து அதை எடுத்துக் கொடுத்துவிடாது என்பது வாதம். டிஸ்னியின் படம் 1994இல் வந்தது. அந்த நாடுகளில் படத்தைக் காட்டியபோது, ‘தி லயன் ஸ்லீப்ஸ் டுநைட்’ என்பது ‘ம்பூபே’ பாட்டின் மாற்றுவடிவம் என்பதால், நிர்வாகியிடம் அனுமதி வாங்கியிருக்க வேண்டும்.

ஒரு வரம்பையும் சொல்லிவிட வேண்டும். அமெரிக்கா இந்தச் சட்டத்துக்கு உட்பட்டதல்ல. பெரும் பணம் இருந்ததோ அங்கேதான்.

வணிக முத்திரைகளைப் பிடித்து நிறுத்திய வழக்கு

2004இல் லிண்டாவின் சொத்து நிர்வாகி சார்பில் தென்னாப்பிரிக்காவில் டிஸ்னி மீது வழக்குத் தொடரப்பட்டது. கோரிய இழப்பீடு தென்னாப்பிரிக்க நாணயத்தில் 1 கோடி ராண்ட். டிஸ்னி அமெரிக்க நிறுவனம் என்பதால், தென்னாப்பிரிக்க நீதிமன்றம் அதை விசாரிக்க வேண்டுமானால் அந்நாட்டில் அதற்கு ஏதாவது சொத்து இருக்க வேண்டும். ஓவன் டீன் தரப்பு கட்டிடத்தைத் தேடவில்லை. அங்கே பதிவாகியிருந்த டிஸ்னியின் 200க்கும் மேற்பட்ட வணிக முத்திரைகளை நீதிமன்ற ஆணை மூலம் பிணைத்தது. வணிக முத்திரையும் சொத்துதானே. டிஸ்னி எதிர்த்தது, நீதிமன்றம் பிணைப்பை விலக்கவில்லை. சட்ட நுணுக்கம் என்ற அளவில் இந்த வழக்கில் எனக்கு மிகவும் பிடித்த இடம் இது: ஒரு மெட்டுக்காக மிக்கி மவுஸையே பிணையாக நிறுத்திவிட்டார்கள்.

விசாரணை தொடங்க வேண்டிய 2006 பிப்ரவரியில் சமரசம் ஏற்பட்டது. டிஸ்னிக்கு அனுமதி கொடுத்த ‘அபிலீன் மியூசிக்’ நிறுவனம்தான் பணத்தை ஏற்றது. முக்கியமானவை மூன்று:

1. ‘தி லயன் ஸ்லீப்ஸ் டுநைட்’ பாட்டு ‘ம்பூபே’யிலிருந்து வந்தது என்று ஒப்புக்கொள்ளப்பட்டது.

2. சாலமன் லிண்டா அதன் இணை ஆசிரியராகக் குறிப்பிடப்படுவார்.

3. குடும்பத்துக்குக் கடந்தகாலப் பயன்பாட்டுக்கும் வருங்காலத்துக்கும் ராயல்டி உண்டு. அதற்கென ஓர் அறக்கட்டளை அமைக்கப்பட்டது.

தொகை எவ்வளவு என்பது வெளியிடப்படவில்லை. நீதிமன்றம் தீர்ப்பு எழுதாமலே வழக்கு முடிந்ததால், 1911 விதி பற்றிய வாதத்துக்கு முன்னுதாரணத் தீர்ப்பு எதுவும் கிடைக்கவில்லை. குடும்பத்துக்கு அது தேவைப்படவில்லை. அதே நிலையில் இருந்த பிற கலைஞர்களுக்கு அது தேவைப்பட்டிருக்கும்.

சொந்த மண்ணில் பாட்டின் வாழ்வு

வழக்குச் செய்திகளில் விடுபட்டுப்போகும் இன்னொரு வரலாறு உண்டு. தென்னாப்பிரிக்காவில் லிண்டாவின் பாட்டு ஓர் இசை மரபுக்கே பெயர் கொடுத்தது. அடித்தொண்டையில் முழங்கும் பல ஆண்குரல்கள், மேலே ஓடும் ஒற்றைக் குரல் என்ற அந்தப் பாணியையே ‘ம்பூபே’ என்று அழைத்தார்கள். அதிலிருந்து கிளைத்த மென்மையான வடிவம் ‘இசிகாதாமியா’. பூனைபோல ஓசையின்றி அடியெடுத்து வைப்பதைக் குறிக்கும் ஜூலு சொல்லிலிருந்து வந்த பெயர் அது. ஜோசப் ஷபலாலாவின் ‘லேடிஸ்மித் பிளாக் மம்பாசோ’ குழு அதை 1986இல் பால் சைமனின் ‘கிரேஸ்லேண்ட்’ ஆல்பம் வழியாக உலகமெங்கும் கொண்டு சென்றது. பெரிய வழக்குக்கு வெகுகாலம் முன்பே, பாடகர்கள் லிண்டாவுக்கு உரிய இடத்தைத் தந்துவிட்டிருந்தார்கள்.

இன்றைய நிலை

தென்னாப்பிரிக்கச் சட்டப்படி இசைப் படைப்புக்குப் பாதுகாப்பு, படைப்பாளி இறந்த ஆண்டின் முடிவிலிருந்து 50 ஆண்டுகள். லிண்டாவைப் பொறுத்தவரை அது 2012 டிசம்பரோடு முடிந்தது. உரிமை அவருடைய சொத்துக்குத் திரும்பியது 1987இல். வழக்கு முடிந்தது 2006இல். ஆக, அவர் பெயர் ஆவணத்தில் ஏறிய பிறகு அவர் பிறந்த நாட்டிலேயே அந்த மெட்டின் பதிப்புரிமைக்கு மிஞ்சியிருந்தது ஏழு ஆண்டுகூட இல்லை.

அமெரிக்காவில் 1961ஆம் ஆண்டுப் பாட்டின் கணக்கு வேறு. அங்கே புதுப்பிக்கப்பட்ட பழைய படைப்புகளுக்கு வெளியீட்டிலிருந்து 95 ஆண்டுகள் பாதுகாப்பு உண்டு. ஆங்கில வரிகளோடு கூடிய அந்த வடிவம் 2056ஆம் ஆண்டின் கடைசி நாள் வரை அங்கே உரிமையாளர்களின் கையில் இருக்கும்.